சின்ன மாதத்தின் ஆறாம் நாள்

தண்ணீர்க் குவளையை வஹீப் புறங்கையால் தள்ளிவிட்டார். தள்ளுகிற அளவுக்குக்கூட அந்தக் கையில் பலம் இல்லை. குவளை தஹானியின் முழங்காலில் இடித்து, அவளுடைய கறுப்பு அங்கியில் கையகலத்துக்கு நனைத்துவிட்டு நின்றது.

“உதட்டை மட்டும் நனைச்சுக்கப்பா.”

“அபூனா வரட்டும்.”

“வெடிச்சு ரத்தம் வருது பாரு.”

“நைரூஸ் அன்னைக்கு ரத்தம் வராம பன்னீரா வரும்?”

அதைச் சொல்லி முடிக்க அவருக்கு நாலு மூச்சு தேவைப்பட்டது. அவர்கள் திருச்சபையின் நாட்காட்டியில் புது வருஷம் பிறக்கிற நாள், விசுவாசத்துக்காக ரத்தம் சிந்திய வேதசாட்சிகளின் பெருநாள். அன்றைக்குப் பொருத்தமாக ஒரு பேச்சுப் பேசிவிட்டதில் அவருக்கே திருப்தி. கண்ணோரம் சுருங்கியது.

நேற்றுப் படுக்கப் போகும்போது அரைக் குவளை குடித்ததுதான். பூசையில் படைத்த அப்பமும் ரசமுமான நற்கருணையை வாங்குகிறவன் ஒன்பது மணி நேரம் வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. சாகக் கிடக்கிறவனுக்கு அந்தச் சட்டம் கிடையாது என்று குருவானவர் அபூனா தாத்ரோஸே சொல்லியிருந்தார். வஹீப் கேட்டால்தானே.

“எட்டு மாசம் கழிச்சு அவர் முகத்துல முழிக்கப் போறேன். மரியாதையாப் போக வேணாமா?”

‘அவர்’ என்றது கடவுளை.

ஜன்னல் இடுக்குகளில் தஹானி ஈரத்துணி அடைத்து வைத்திருந்தாள். அப்படியும் தூசி வரும். வீட்டுக்குப் பின்னால் மலை. மலையில் முப்பது ரம்பங்கள் விடிந்ததிலிருந்து சுண்ணாம்புக்கல்லை அறுத்துக்கொண்டிருந்தன. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கோழியும் கழுதையும் மனுஷனும் ஒரே நிறமாகிவிடுவார்கள். மூடிய அறைக்குள் ஆளை அவித்து எடுக்கிற வெக்கை. திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். மார்ச் மாதத்திலிருந்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் காலம் போகிறது.

வஹீப் முப்பத்தெட்டு வருஷம் அந்த மலையில் கல் அறுத்தவர். மினியா நகரத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், “நுரையீரல் எங்கய்யா? ரெண்டு மூட்டை சுண்ணாம்பு இல்ல இருக்கு,” என்றார். நல்ல மனிதர்தான், வாய் தவறிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு முன்னால், ஜனவரியில், துபா மாதத்துக் குளிரில், மிலாத் செத்துப்போனான். தஹானியின் தம்பி. இருபத்தாறு வயது. ரம்பத்துக்குப் போகிற மின்கம்பி எங்கேயோ தோல் உரிந்து ஈரத்தில் கிடந்தது, மிலாத் மிதித்தான். அவ்வளவுதான். மதியம் சாப்பிடக் கொண்டுபோன ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மூட்டை அவிழாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தன.

அடுத்த ஞாயிறு வஹீப் கோயிலுக்குப் போனார். முழுப் பூசையும் நின்றார். நற்கருணை கொடுக்கிற நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பின்னாலேயே வந்த அபூனாவிடம், “எனக்கும் அவருக்கும் இந்த வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது,” என்றார். “விட்டுட்டுப் போகலை. நைரூஸ் வரட்டும். புது வருஷத்துல வந்து வாயைத் திறக்கறேன்.”

“ஆண்டவர் என்ன உங்க மச்சானா, கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்க?”

“மச்சானா இருந்தா அன்னைக்கே ரெண்டு சாத்து சாத்தியிருப்பேன், அபூனா.”

ஊர் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. வஹீப் சிரிக்கவில்லை. சொன்ன சொல்லிலிருந்து இறங்கவும் இல்லை. பாஸ்கா பெருநாள் வந்தது, போனது. படுக்கையில் விழுந்தார். அபூனா மூன்று தடவை வீடு தேடி வந்து கெஞ்சினார். “நைரூஸ்” என்று ஒரே வார்த்தை. கோடை முடிகிற நேரத்தில் அது ஓட்டப்பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. வருஷம் முதலில் முடியுமா, அப்பா முதலில் முடிவாரா? ராத்திரியும் பகலும் தஹானிக்கு அந்த ஒரே பயம். அவர் போவார், அது தெரிந்ததுதான். சண்டை தீராமல் போய்விடக் கூடாது. கோபித்துக்கொண்டு போனவனை அங்கே யார் வா என்று கூப்பிடுவார்கள்?

சனிக்கிழமை அபூனாவுக்குப் போன் போட்டாள். “நைரூஸ் அன்னைக்குக் காலையில வந்து அப்பாவுக்குக் கொடுக்கிறீங்களா?”

“பூசை முடிஞ்ச கையோட வர்றேம்மா. ஒன்பது மணிக்குள்ள.”

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. அப்பாவை விட்டு நகர முடியவில்லை. தெருவில் வந்த வண்டியில் நைரூஸுக்கான சிவப்புப் பேரீச்சம்பழம் இரண்டு கிலோ வாங்கிக் கழுவித் தட்டில் வைத்தாள். இன்றைக்குத் தேதி பதினொன்று. செப்டம்பர் பதினொன்று என்றால் நைரூஸ். பிறந்ததிலிருந்து அப்படித்தான். முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதமும் முடிந்து, மிச்சம் ஐந்து நாள் சின்ன மாதமும் முடிந்து, புது வருஷம்.

மணி ஒன்பது ஆனது. ஒன்பதரை ஆனது.

பத்து மணிக்கு அடுத்த வீட்டு உம்மு ஃபத்ஹி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். வஹீபின் பெண்டாட்டி செத்துப்போன பிறகு தஹானிக்குப் பிரசவம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் துணைக்கு வந்தவள் இந்த முஸ்லிம் பெண்பிள்ளைதான். பிரசவத்துக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. தஹானியின் புருஷன் லிபியாவுக்குப் போய் ஏழு வருஷம். அங்கே இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று கேள்வி. கோயில் பதிவேட்டில் தஹானி இன்னும் அவன் மனைவி. அந்தப் பக்கத்தைக் கிழிக்க இந்தத் திருச்சபையில் வழி இல்லை.

“பெருநாள் வாழ்த்து, வஹீப் அண்ணே! அடுத்த வருஷம் எழுந்து உட்கார்ந்து எனக்குத் திருப்பிச் சொல்லணும்.”

வஹீப் விரலை மட்டும் தூக்கினார்.

“வாயெல்லாம் பாளம் பாளமா இருக்கே. தண்ணி கொடுக்கலையாடி?”

“விரதம்.”

“நோயாளிக்கு என்ன விரதம்? எங்க வேதத்துலயும் கிடையாது, உங்க வேதத்துலயும் இருக்காது. உங்க அப்பன் வேதத்துலதான் இருக்கும்.” விசிறியை எடுத்து வீசிக்கொண்டே உட்கார்ந்தாள். “அது சரி, பெருநாளும் அதுவுமா உங்க ஆளுங்களுக்கு லீவு விடலையா? ஸப்ஹியும் கெராஸும் லாரியில ஏறி மலைக்குப் போறாங்களே. நான் என் கண்ணால பார்த்தேன்.”

தஹானியின் கை தட்டில் இருந்த பழத்தின் மேலேயே நின்றது. அபூனாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள்.

“அக்கா, கொஞ்சம் பார்த்துக்குங்க. பத்து நிமிஷம்.”

கோயில் வாசல் பாதி திறந்திருந்தது. முற்றத்தில் ஒரு ஆள் இல்லை, ஒரு செருப்பு இல்லை. பூசை நடந்த இடத்தில் இருக்கிற சாம்பிராணி வாசனைகூட இல்லை. அப்பம் வேகிற வாசனை மட்டும் மூலையிலிருந்து வந்தது.

மூலையில் இருக்கிற அந்தச் சின்ன அறைக்குப் பெயர் பெத்லகேம். பலிபீடத்துக்கு அப்பம் சுடுகிற இடம். பெண்கள் உள்ளே போகக் கூடாது. தஹானி நிலைப்படிக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். கோயில்பிள்ளை ஃபானூஸ் முழங்கை வரை மாவோடு எட்டிப் பார்த்தார்.

“என்ன தஹானி? அப்பாவுக்கு ஏதாவது...?”

“அபூனா எங்கே மாமா? பூசை எத்தனை மணிக்கு முடிஞ்சது?”

“என்ன பூசை?”

“நைரூஸ் பூசை.”

ஃபானூஸ் அவளைப் பார்த்தார். கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார். அப்புறம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“நைரூஸ் நாளைக்கும்மா. இந்த வருஷம் சின்ன மாசத்துக்கு ஆறு நாள். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நாள் கூட வருமே? நேத்து அபூனா பூசையில சத்தம் போட்டுச் சொன்னார், எல்லாரும் குழம்பிக்காதீங்கன்னு. நீ வரலை போல.”

போன தடவை ஆறு நாள் வந்தபோது அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். மாமியார் சொன்ன நாளில் பழம் கழுவினாள். எண்ணிப் பார்க்க வேண்டிய வேலை அவளுக்கு அப்போது இருக்கவில்லை.

“அவர் ராத்திரியிலிருந்து தண்ணி குடிக்கலை மாமா.”

ஃபானூஸ் நிலைப்படியை ஒட்டி வந்து நின்றார்.

“நேத்துக் கொடுத்ததுல ஒரு துளி மிச்சம் இருக்குமா?”

“நம்ம கோயில்ல மிச்சம் வைக்கிற வழக்கம் இல்லையேம்மா. அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்கே முடிச்சுடணும். அது உனக்கே தெரியும்.”

“அபூனாவைக் கூப்பிட்டு இப்ப ஒரு பூசை...”

“அவர் காலையிலேயே மினியாவுக்குப் போயிட்டார், ஆயர் வீட்டுக்கு. சாயந்தரம்தான் வருவார். வந்தாலும் அங்க சாப்பிட்டிருப்பார். சாப்பிட்ட வாயோட எப்படி பூசை வைப்பார்?”

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒவ்வொரு சுவரும் நியாயமான சுவர். யாரையும் திட்ட முடியாது.

ஃபானூஸ் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சுடச்சுட ஒரு அப்பம் இருந்தது. வட்டமாக, நடுவில் சிலுவை முத்திரையோடு. முத்திரைக்குக் குறுக்கே ஒரு விரிசல்.

“வெடிச்சுப்போச்சு. பீடத்துக்கு ஆகாது. பூசையில வைக்காத அப்பம்தான். இருந்தாலும் வீட்டுக்குக் கொண்டு போ.” நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கையை நீட்டிக் கொடுத்தார். “நாளைக்குக் காலையில வரைக்கும் தாங்குவாரா?”

அவள் அப்பத்தை முக்காட்டில் சுற்றிக்கொண்டாள். சூடு நெஞ்சில் உறைத்தது.

வருகிற வழியெல்லாம் இரண்டு வாக்கியங்களை மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ‘அபூனா வந்துட்டே இருக்கார்.’ அப்படிச் சொன்னால் அவர் நம்புவார். நம்பிக்கொண்டு, உதடு வெடிக்க, தண்ணீர் குடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். ‘இன்னைக்கு நைரூஸ் இல்லை.’ அப்படிச் சொன்னால் தண்ணீர் குடிப்பார். ஆனால் இத்தனை மாதம் மூச்சைப் பிடித்து நெம்பித் தள்ளிய வருஷம் திரும்ப வந்து அவர் நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொள்ளும். எதைச் சொன்னாலும் கொலைதான் என்று நினைத்தாள். எதைச் சொன்னால் குறைந்த கொலை?

இன்னொன்றும் தோன்றியது. முக்காட்டுக்குள் அப்பம் இருக்கிறது. ‘அபூனா கொடுத்தனுப்பினார், வாங்கிக்கோ’ என்று ஒரு துண்டு கிள்ளி அவர் நாக்கில் வைத்தால் யாருக்குத் தெரியும்? தெருமுனையில் கழுதை வண்டிக்கு ஒதுங்கி நின்றவள் அந்த நினைப்பைச் சுவரோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு நடந்தாள்.

உள்ளே உம்மு ஃபத்ஹி வீசிக்கொண்டிருந்தாள். வஹீபின் கண் திறந்தே இருந்தது.

“வந்துட்டாரா?”

தஹானி பாயில் உட்கார்ந்தாள்.

“வாசனை வருதே,” என்றார். “அப்பம்.”

“ஃபானூஸ் மாமா கொடுத்தார்.”

“அப்போ பூசை முடிஞ்சுதா?”

மலையில் ரம்பங்கள் இரைந்தன.

“ஏ தஹானி.”

“இன்னைக்கு நைரூஸ் இல்லப்பா.”

உம்மு ஃபத்ஹியின் விசிறி நின்றது.

“நான் தப்பா எண்ணிட்டேன். சின்ன மாசத்துக்கு இந்த வருஷம் ஆறு நாளாம். நாளைக்குத்தான்.”

வஹீப் கூரையைப் பார்த்தார். அவர் நெஞ்சுக்குள்ளிருந்து கரகரவென்று ஏதோ ஏறி வந்தது. இருமல் என்று நினைத்து தஹானி துணியை எடுத்தாள். சிரிப்பு அது.

“ஆறா?”

“ஆறு.”

“நானும் மறந்துட்டேனே... போறேன் போறேன்னு சொல்லிட்டு...” மூச்சு வாங்கினார். “வாசல்ல நின்னு கதை பேசற விருந்தாளி மாதிரி... இந்தச் சனியன் பிடிச்ச வருஷம்.”

உம்மு ஃபத்ஹி தன்னை மறந்து சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அப்போ எனக்கு விரதம் இல்லை,” என்றார் வஹீப்.

“இல்லை.”

“அப்புறம் என்ன பார்த்துக்கிட்டு இருக்கே கழுதை, தண்ணியைக் கொடு.”

தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள். மூன்று மடக்கு உள்ளே போனது. மிச்சம் தாடை வழியாகக் கழுத்துக்கு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அப்படியொரு ருசியாக யாரும் எதையும் குடித்து அவள் பார்த்ததில்லை.

“அதைக் காட்டு.”

அப்பத்தை அவர் கையில் வைத்தாள். கட்டை விரல் முத்திரையின் மேல் போகவில்லை. நேராக விரிசலுக்குப் போனது. கல்லைத் தடவிப் பார்க்கிற மாதிரி அந்தக் கோட்டிலேயே இரண்டு தடவை போய் வந்தது.

“உள்ள கோடு ஓடியிருக்கு,” என்றார். “கல்லும் இப்படித்தான். தள்ளிவிட்டுடுவாங்க.”

“ஒரு துண்டு தரவா?”

“நாளைக்கு. எத்தனை மணிக்கு வர்றார்?”

“ஒன்பதுக்குள்ள.”

உதடு அசைந்தது. எண்ணினார். “இருபத்திரெண்டு மணி நேரம்... ரெண்டு ஷிப்ட்டுக்குக் கொஞ்சம் கூட. ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்திருக்கேன்.”

“பார்த்திருக்கே.”

“மூணுகூடப் பார்த்திருக்கேன். உன் கல்யாணத்துக்கு.”

அந்தக் கல்யாணத்தைப் பற்றி இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லை. உம்மு ஃபத்ஹி சமையலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து தஹானி சொன்னாள். “நான் எண்ணினது தப்புப்பா.”

“தப்புதான்.”

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆளும் இல்லை. குறுக்கே வெட்டின கல்லை நேரே வெட்டினதாக அவர் என்றைக்கும் சொன்னது கிடையாது.

“ஒருவேளை... முடியலைன்னா,” என்றார், “அவர்கிட்ட நீயே சொல்லு.”

“யார்கிட்ட?”

தாடையை மேலே தூக்கிக் காட்டினார். “இவன் வரத்தான் இருந்தான்... நான்தான் நாளைத் தப்பா எண்ணிட்டேன்னு.”

“நீயே சொல்லிக்கோ. நாளைக்கு.”

“சரி,” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூச்சை மட்டும் வேலையாக வைத்துக்கொண்டார். உள்ளே இழுக்க ஒரு முயற்சி, வெளியே விட ஒரு முயற்சி. தஹானி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரம்பமும் மூச்சும் ஒரே சத்தமாக, எது எது என்று தெரியாமல் கலந்து கேட்டன. சுவரில் வெயில் ஒரு சாண் இறங்கியது. மடியில் அப்பம் ஆறிப்போய்விட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மலையில் ரம்பங்களை நிறுத்தினார்கள். ஒன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் எல்லாம். ஊர் அமைதியாயிற்று. எங்கேயோ ஒரு கோழி கொக்கரித்தது. அந்த அமைதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்த பிறகுதான், அறைக்குள்ளும் சத்தம் இல்லை என்பது தஹானிக்கு உறைத்தது. எது முதலில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அபூனா தாத்ரோஸ் நாலு மணிக்கு வந்து சேர்ந்தார். பேருந்திலிருந்து இறங்கி நேராகக் கோயிலுக்கு வந்தவர், வஹீபின் சவப்பெட்டியின் பக்கத்தில் நின்று தாடியைப் பிடித்துக்கொண்டார்.

“உன் போனை மத்தியானம்தான் பார்த்தேன். சத்தத்தை நிறுத்தி வச்சிருந்தேம்மா.”

“பரவாயில்லை, அபூனா.”

“எடுத்திருந்தாலும்...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். காலையில் ஆயர் வீட்டில் அவரை வற்புறுத்தி உட்கார வைத்து அவித்த பயறும் ரொட்டியும் கொடுத்திருந்தார்கள். எடுத்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அது ஆறுதலா, வேறு ஏதாவதா என்று அவருக்கே தெரியவில்லை.

மலையிலிருந்து லாரியில் இறங்கியவர்கள் குளிக்காமல் அப்படியே வந்திருந்தார்கள். தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெள்ளை. பெட்டியைத் தூக்கினவர்களின் கைரேகை கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகப் பதிந்தது. மலையடிவாரக் குடும்பக் கல்லறைக்குள் மிலாத்தின் பக்கத்தில் இடம் இருந்தது. இவ்வளவு சீக்கிரம் மறுபடி திறப்போம் என்று நினைக்காமல் கல்லைக் கெட்டியாகப் பூசிவிட்டிருந்தார்கள். உடைக்க நேரம் பிடித்தது.

“அப்பனையும் பிள்ளையையும் ஒரே வருஷம் தின்னுடுச்சே,” என்றாள் ஒருத்தி.

“ஒரு நாள், ஒரே ஒரு நாள்ல தவறிப்போச்சு. வாங்காமலே போயிட்டார் மனுஷன்.”

“அதுதான் கொடுப்பினைங்கறது.”

தஹானி எதற்கும் வாய் திறக்கவில்லை. உம்மு ஃபத்ஹி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைத் தப்பாக எண்ணியது யார் என்று அங்கே நின்ற பெண்களில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளும் வாய் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

வீட்டுக்குத் திரும்பியதும் பெண்கள் அந்த ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். புதன்கிழமை, மூன்றாம் நாள், அபூனா வந்து ஜெபம் சொல்லி வீடெங்கும் தண்ணீர் தெளிப்பார். அதுவரைக்கும் செத்தவரின் ஆவி வீட்டை விட்டுப் போகாது. அதனால் அவர் படுத்திருந்த பாயை யாரும் மிதிக்காமல் சுவரோரமாகவே ஒட்டி உட்கார்ந்தார்கள். வியர்வை ஆறாக ஓடியது.

“அந்த ஜன்னலைத் திறடி, மூச்சு முட்டுது.”

“வேண்டாம்.”

“இப்போ ரம்பம் ஓடலையே, தூசி வராது.”

“நாளைக்குத் திறக்கறேன். அபூனா வந்தப்புறம்.”

“அவர் புதன்கிழமை இல்ல வர்றார்?”

தஹானி எழுந்து போய் இடுக்கில் காய்ந்திருந்த துணிகளை எடுத்து நனைத்துப் பிழிந்து மறுபடி அடைத்தாள். ஒரு இடுக்கு விடவில்லை. கதவையும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவளை எழுப்பித்தான் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து உடனே மூடினாள். துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள்.

விடிந்தது. கோயில் மணி பெருநாளுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. தஹானி பாயை உதறாமல் சுருக்கத்தை மட்டும் கையால் நீவினாள். தலையணையின் பள்ளத்தைத் தொடவில்லை. குவளையில் தண்ணீர் மொண்டு வைத்தாள். சிவப்புப் பழத் தட்டையும் விரிசல் விட்ட அப்பத்தையும் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

எட்டே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. அபூனா. தாடியில் சாம்பிராணி வாசனை போகவில்லை. பூசை முடிந்த கையோடு வந்திருந்தார்.

“வர்றேன்னு சொல்லியிருந்தேன் இல்ல,” என்றார், யாரோ கேள்வி கேட்ட மாதிரி.

உள்ளே வந்தவர் பாயையும் குவளையையும் பார்த்தார். அவர் கையில் ஒன்றும் இல்லை. செத்தவனுக்குக் கொடுக்கிறதற்குச் சட்டம் இல்லை. முக்காலியில் உட்கார்ந்தார்.

“இன்னும் இங்கதான் இருக்காரா, அபூனா?”

“மூணாம் நாள் வரைக்கும்னு நம்ம ஜனங்க சொல்வாங்க.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

அபூனா தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். தோல் சிவப்பு, உள்ளே வெள்ளை, நடுவில் கல் மாதிரிக் கொட்டை. வருஷா வருஷம் இதே நாளில் பீடத்தின் முன்னால் நின்று அவர் அதற்கு அர்த்தம் சொல்வார்: சிந்திய ரத்தம், வெள்ளை மனசு, உடையாத விசுவாசம். இன்றைக்கும் சொல்லிவிட்டுத்தான் வந்திருப்பார். இப்போது வெறுமனே பழத்தை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார்.

தஹானி பாயின் ஓரத்தில் மண்டியிட்டாள்.

“அப்பா வரத்தான் இருந்தார்,” என்றாள். “நான்தான் நாளைத் தப்பா எண்ணிட்டேன்.”

“ஃபானூஸ் சொன்னாரும்மா. தெரியும்.”

“உங்ககிட்ட சொல்லலை, அபூனா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பழத்தைத் தட்டில் திருப்பி வைக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, “நாளைக்கு ஜெபத்துக்கு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மலையில் முதல் ரம்பம் எடுத்தது. பெருநாளுக்கு லீவு கேட்டவர்கள் போக, மிச்ச ஆட்களை வைத்து ஓட்டுகிறார்கள். தஹானி எழுந்து ஜன்னல் இடுக்கிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கொண்டி இறுகிப்போயிருந்தது, தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. வெளிச்சம் பாய் வரைக்கும் வந்து விழுந்தது. அதற்குள் தூசி மாவு மாதிரி சுற்றிச் சுற்றி இறங்கியது.

அவள் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குவளைத் தண்ணீரின் மேல் மெல்லியதாக ஒரு வெள்ளை படிந்தது. அவள் அதைக் கொட்டவில்லை.